நிவேத்யம் கழியட்டும்

“ரீஸ்டார்ட் பண்ணினா போதுமே, சத்தியநேசா?” என்று மேனேஜர் ஸ்ரீகுமார் சார் மறுபடியும் கேட்டார்.

போதாது என்று மறுபடியும் விளக்கினேன். கரமனைக்கு நடந்துகொண்டே, போனில்.

ஆற்றுகால் பொங்காலை நாள். தம்பானூரிலிருந்து பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் செங்கல் அடுப்புகள், பானைகள், பெண்கள், புகை.

திருவனந்தபுரத்துக்குத்தான் விடுமுறை. எங்கள் கம்பெனியின் துபாய், தோஹா அலுவலகங்களுக்கு இல்லை. அங்கே காலையிலிருந்து ஒருவராலும் கம்பெனியின் இணையதளத்துக்குள் நுழைய முடியவில்லை. பேச்சு, கோப்பு, கூட்டம் எல்லாமே அதற்குள்தான். அதன் பின்னால் இருக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது நானும் ஜிஷாவும்.

“ஒரு மணிக்குள்ள சரியாகலேன்னா, உங்க கான்ட்ராக்ட் எக்ஸ்டென்ஷன் பத்தி எங்கிட்ட பேச வேண்டா. கேட்டல்லோ?” என்று சொல்லிவிட்டு சார் வைத்தார்.

கேட்டது. என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

இதில் எரிச்சல் என்னவென்றால், எதுவும் பழுதாகவில்லை.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை நீக்குவது மாதாமாதம் நடப்பது. ஜிஷா அதை அதிகாலையில் வீட்டிலிருந்தே தொடங்கியிருக்கிறாள். மணிக்கணக்கில் ஓடி முடிந்தும்விட்டது. கடைசியில் ‘கமிட்’ என்று ஒரே ஒரு சொல் கொடுக்க வேண்டும்.

கொடுக்காமல் அடுப்பு மூட்டப் போய்விட்டாள். போனையும் எடுக்கவில்லை.

கமிட் கொடுக்காத வேலை எப்படியென்றால், ஒருவர் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டு அதை மறைத்துக்கொண்டே நிற்பது போல. அவர் நகரும்வரை பின்னால் இருப்பவர்கள் எதையும் வாசிக்க முடியாது. வரிசை நீண்டுகொண்டே போகும்.

அவரைப் பிடித்துத் தள்ள எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தள்ளினால், எழுதியதையெல்லாம் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்த பிறகுதான் பலகை கிடைக்கும். எழுதவே காலை முழுக்க ஆனது. ‘ரோல்பேக்’ என்கிற இந்த அழிப்புக்கு அதைவிட ஆகும். ரீஸ்டார்ட் செய்தாலும் சர்வர் எதையும் மறக்காது. எழுந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழிக்க உட்காரும்.

கமிட் கொடுத்தால் ஒரு நொடி. அதை அவள் மட்டும்தான், அவள் திறந்து வைத்திருக்கும் அதே திரையிலிருந்துதான் கொடுக்க முடியும். ஒருவர் தொடங்கியதை என்னால் கலைக்க முடியும், முடித்துவைக்க முடியாது. டேட்டாபேஸில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. இன்று காலைவரை.

கரமனையில் ஜிஷா அவள் வீட்டு வாசலிலேயே அடுப்பு போட்டிருந்தாள். பானை பொங்கி முடிந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப், திறந்தபடி.

திறந்தபடி!

“மறந்துட்டியா?”

“இல்ல, சேட்டா.”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“நிவேத்யம் கழியட்டும், சேட்டா. தீர்த்தம் தெளிச்சிட்டுப் போனதும் பண்ணிடறேன். அதுக்குள்ள எச்.ஆர்ல யாராவது போன் எடுப்பாங்க. ஒரு பேர்ல சந்தேகம்.”

கோயில் பூசாரி தீர்த்தம் தெளித்துக்கொண்டு இந்தத் தெருவுக்கு வர மதியம் தாண்டிவிடும்.

பொறுமையாகத்தான் சொன்னேன். “எச்.ஆர் ஒப்புதலோடதானே உனக்கு வேலை வந்தது? அப்புறம் என்ன சந்தேகம்? யார் போனாங்க, யார் இருக்காங்கன்னு பாக்கறது நம்ம வேலை இல்ல. டேட்டாபேஸ் திறந்திருக்கணும். அவ்வளவுதான் நம்ம வேலை.”

திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். வெயில் அடிக்கிறது, ஒன்றும் தெரியாது என்றாள்.

“ஏன் மக்கா, புள்ளையப் போட்டு இந்த விரட்டு விரட்டுதிய?” என்றாள் அடுத்த அடுப்பிலிருந்து மாடம்மாள். “பாயசம் வேணும்னா வாயத் தொறந்து கேளும்.”

போன் அடித்தது. ஸ்ரீகுமார் சார்.

“ஒரு தடவை ரீஸ்டார்ட்...”

போனை ஜிஷாவின் முகத்துக்கு நேராக நீட்டினேன். “கேட்டியா? என் எக்ஸ்டென்ஷன் இதுலதான் நிக்குது. தயவுசெஞ்சு கமிட் கொடு.”

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். தினமும் அடிக்கிற சொல்தான்.

“கேறியாச்சு!” என்று போனுக்குள் சார் கூவினார். “தோஹா கேறி, துபாய் கேறி, எல்லாரும் உள்ள கேறியாச்சு!” எக்ஸ்டென்ஷன் பற்றி எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நாலு வரி எழுதிக் குழுவில் போடுவது என் வழக்கம். தளத்தைப் போனில் திறந்தேன். உள்ளே விடவில்லை. கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நிதானமாக மறுபடியும் அடித்தேன்.

‘இந்தப் பெயரில் பயனர் யாரும் இல்லை.’

மாடம்மாள் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஜிஷா லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“இனி ரோல்பேக் பண்ண முடியாது இல்லே, சேட்டா?”

அவளுக்கே தெரிந்த விஷயம். ஆனாலும் அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கமிட் ஆன பிறகு ஏன் முடியாது என்பதை முதலிலிருந்து அவளுக்கு விளக்கத் தொடங்கினேன்.