நல்லதா ஒண்ணு போட்டு விடுங்க

“நெசமாவே இதுதான் அந்தப் பொம்பளையா, இல்ல நாடகத்துக்கு ஆள் பிடிச்சுக் கூட்டியாந்திருக்கியா மாப்ள?”

முன்வரிசையில் கால்மேல் கால் போட்டபடி ஏசுதாசன் கேட்டார். வைகுண்டராஜ், மச்சான் வாயை இன்று லைவிலேயே அடைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

தேனி ‘சொர்ணம் ஷாப்பிங் டிவி’க்கு அன்று பதினைந்தாவது ஆண்டு விழா. வருசநாட்டில் இருந்து கம்பம் வரை குக்கர், கிரைண்டர், கொசுவலை என்று ஏதாவது ஒன்றாக அந்த சேனல் நுழையாத வீடு கிடையாது. டெலிவரி வேனில் ‘நல்லதா ஒண்ணு போட்டு விடுங்க’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். சேனலுக்கு வந்த முதல் போனில் மலையம்மாள் சொன்ன வார்த்தை அது.

ஆரம்ப நாளன்று காலையில் இருந்து வைகுண்டராஜ் ஒரு குக்கரைத் திறந்து மூடி, மூடித் திறந்து, தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார். போன் மூச்சு விடவில்லை. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஏசுதாசன், தங்கச்சி சொர்ணலதா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சிரித்தார்.

“நேத்து வரைக்கும் இதே சேனல்ல கேக்குறவுகளுக்குப் பாட்டப் போட்டுட்டு நிம்மதியா இருந்த. ஒனக்கு எதுக்கு மாப்ள யாவாரம்? டிவியப் பாத்துட்டு ஒரு சனம் போன் போட்டுச் சாமான் கேக்கட்டும், மீசைய எடுத்துர்றேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.

“கடமலைக்குண்டு மலையம்மா பேசுறேன் அண்ணாச்சி. இன்னைக்கு எங்களுக்குக் கல்யாண நாளு. நல்லதா ஒண்ணு போட்டு விடுங்க.”

அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ஓடைப்பட்டித் திராட்சையில் இருந்து கல்யாணச் சேலை வரை எதையும் பஸ்ஸில் போட்டு விடுகிற ஊர் இது. இருப்பதிலேயே நல்ல குக்கராகப் பார்த்து எடுத்து, ‘கல்யாண நாளுக்கு எங்கள் பரிசு’ என்று எழுதி ஒட்டி, வைகுண்டராஜ் அன்றைக்கே கடமலைக்குண்டு பஸ்ஸில் போட்டுவிட்டார். அதை அவர் டிவியில் சொன்னதுதான் தாமதம், அப்புறம் போன் ஓயவே இல்லை.

சொன்ன சொல்லுக்கு ஏசுதாசன் மீசையை எடுத்தார். மீசை மறுபடி வளர்ந்துவிட்டது, வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை. “மொதப் போன நீயே ஆள் வச்சுப் போடச் சொன்னதுதான மாப்ள?” என்று கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு எல்லாவற்றிலும் பந்தியில் உட்கார்ந்து கேட்டார். ஒரு கிரைண்டரைக்கூடப் பொய் சொல்லி விற்காத வைகுண்டராஜுக்கு அது சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

சாட்சி சொல்ல மலையம்மாளும் ஊரில் இல்லை. குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர், போன மாதம்தான் திரும்பி வந்திருந்தார்.

கேமராவுக்குப் பின்னால் இருந்து சொர்ணலதா கையைக் காட்டினார். லைவ் ஆரம்பித்தது. மலையம்மாள் பழைய குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஏம்மா, அன்னைக்கு எங்களுக்குப் போன் போட்டது நீங்கதான?”

“நாந்தான் அண்ணாச்சி. ஒண்ணு கேக்கணும்னு...”

“அதக் கடைசியில கேளுங்க. யாரும் சொல்லிக் குடுத்துப் பேசுனீகளா?”

“எனக்கு யாரு சொல்லிக் குடுக்கணும்? எங்க வீட்டுக்காரரு ‘வேணாம் புள்ள, ஊருக்கே தெரிஞ்சுபோகும், வெக்கமா இருக்கு’ன்னாக. நாந்தான் கேக்காமப் போட்டேன்.”

வைகுண்டராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மச்சானைப் பார்த்தார். பதினைந்து வருஷப் பழி ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

“குக்கர் எப்படிம்மா இருக்கு?”

“கேஸ்கெட் மட்டும் மாத்துனேன். மத்தபடி தங்கமான குக்கரு.”

கைதட்டல் அடங்குவதற்குள் ஏசுதாசன் எழுந்து மேடைக்கு வந்துவிட்டார். வீம்பு பிடித்த ஆள்தான், ஆனால் நியாயஸ்தர். மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

“மாப்ளய நான் சந்தேகப்பட்டது தப்புதான். டிவியப் பாத்துட்டுச் சாமான் கேட்ட மொத ஆளு இந்தம்மாதான். இத்தன வருசம் வாய்க்கு வந்தபடி பேசுனதுக்கு, எனக்கு நானே அபராதம் போட்டுக்கிறேன்.”

விற்பனைக்காக மேசையில் அடுக்கியிருந்த டிரிம்மரில் ஒன்றை எடுத்தார். யாரும் தடுப்பதற்குள் கேமரா முன்னாலேயே பாதி மீசையை இறக்கிவிட்டார். சொர்ணலதா வாயைப் பொத்திக்கொண்டார். வைகுண்டராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் ஞாபகம் வந்தது.

“என்னமோ கேக்கணும்னீகளேம்மா, இப்பக் கேளுங்க.”

மலையம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அன்னைக்கு நான் கேட்ட பாட்ட எப்பப் போடுவீக அண்ணாச்சி?”