கடைசி சைக்கிளுக்குப் பின்னால்

வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கின் தார்ச்சாலையில், பந்தயத்தின் கடைசி சைக்கிளுக்குப் பின்னால் வேன் ஊர்ந்து வருகிறது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்வதுதான் அதை ஓட்டுகிற பெண்ணின் வேலை. மங்கிய வெயிலில் மணலும் பாறையும் ஒரே நிறமாகக் கிடக்கின்றன. எதிர்க்காற்று புழுதியை வாரி இறைக்கிறது. சைக்கிளில் இருக்கும் தபால்காரர் வலது காலை அழுத்தும்போதெல்லாம் உடம்பே ஒரு பக்கம் சாய்கிறது. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிறாள். “ஏறிக்குங்க அண்ணே, எல்லாரும் போய்ச் சேந்தாச்சு.” “இந்த மேடு ஒண்ணுதாம்மா பாக்கி.” “காலு வீங்கிப்போய்க் கெடக்கே!” “வீங்கட்டும். திங்கக்கிழமை ஆபரேஷன். முட்டிக்குக் கீழ எடுத்துடப் போறாங்க.” ஏதோ முடி வெட்டிக்கொள்ளப் போவதுபோல் சொல்கிறார். மேட்டின் பாதியில் சக்கரம் தள்ளாடி நிற்கப் பார்க்கிறது. வேனை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்து, அவர் முதுகில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளுகிறாள். “தள்ளினா கணக்குல சேராதும்மா.” “சேராட்டிப் போகுது, மிதிங்க!” நனைந்த சட்டைக்குள் அவர் முதுகு குலுங்குவது உள்ளங்கைகளில் தெரிகிறது. மூச்சிரைப்பா, அழுகையா என்று புரியவில்லை. முன்னால் போய் முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தள்ளுகிறாள்.