கைக்கு அளவான பிஸ்டல்

கடைக்கார அம்மா பிஸ்டலை முதலில் என்னிடம்தான் நீட்டினார்.

நான் இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, வாங்க வந்தவர் இவர்தான் என்று பவதாரணியைத் தலையால் காட்டினேன்.

என் மனைவி பவதாரணியிடம் இருப்பது இந்த நாட்டின் சிவப்புப் பாஸ்போர்ட். என்னுடையது இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட். அதை வைத்திருக்கிறவர்கள் இந்த நாட்டில் துவக்கு வாங்கவும் கூடாது, சுடவும் கூடாது என்பது சட்டம். குடியுரிமை கேட்டு நான் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மேசையில் மூன்று பிஸ்டல்கள் இருந்தன. மூன்றும் சின்ன ரவைத் தோட்டா போடுகிறவை. அடி விளிம்பில் தட்டினால் வெடிக்கிற ரவை அது. விலை குறைவு, சத்தமும் குறைவு, மணிக்கட்டை உலுக்காது. பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்களுக்கு அது போதும்.

முதலாவது புதியது, பாரமில்லாதது. மற்ற இரண்டும் பாவித்தவை. நடுவில் இருந்ததற்கு ஒடுங்கிய பிடி. கடைசியாக இருந்தது தடித்த மரப்பிடி போட்ட பழைய இரும்பு. எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் அந்தக் கடையில் இருந்தவை அவ்வளவுதான்.

நடுவில் இருப்பதுதான் அவளுக்குச் சரி என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி? வியாழன் மாலைகளில் வில் என்ற நகரத்துக்கு வெளியே இருக்கிற சுடும் கழகத்துக்கு நான் போகத் தொடங்கி எத்தனையோ வருடங்கள். கூட வேலை செய்கிற ஒருவன்தான் கூட்டிப் போனான். சட்டம் அன்றைக்குத்தான் தெரிய வந்தது. வெட்கப்பட்டுத் திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

இலக்கு அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்கு மேல் ஒட்டுக்கடதாசி ஒட்டுவேன். சொசேஜ் வாட்டிக் கொடுப்பேன். விசையை அழுத்த முன்னர் எல்லாரும் மூச்சை அடக்கி நிற்பார்கள். பின்னால் நின்று நானும் அடக்குவேன். பிறகு அவர்கள் சுடுவார்கள். நான் மூச்சை மட்டும் விடுவேன்.

“துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆள், இப்ப காசு குடுத்துச் சுடப் போறீரோ?” என்று கோயிலில் சண்முகநாதன் அண்ணை கேட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்துச் சமாளித்தேன். அந்தத் துவக்கு வேறு. இங்கே எதிரில் நிற்பது வெறும் கடதாசி. யாரும் விழுவதில்லை, யாரும் அழுவதில்லை. அப்படி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானும் சுட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஆசையை அவருக்கு எந்த வாயால் சொல்வது?

இந்த லட்சணத்தில், கரப்பான்பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்கிற பவதாரணி இந்த வசந்தத்தில் கழகத்தில் சேர்ந்தாள். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்றும் நின்றாள். எனக்குப் பொறாமை. மறைக்க என்ன இருக்கிறது.

அவளுக்குச் செலவழிக்கிற கை. போன ஞாயிறு நான் சோபாவில் அரைத்தூக்கத்தில் கிடந்தபோது, என் வலது கையைப் பிடித்து சிவப்பு நூல் வைத்து அளந்தாள். ஊரில் மோதிரம் செய்விக்க நாங்கள் நூல் அளவுதான் அனுப்புவோம். பவுண் விற்கிற விலையில் எனக்கு மோதிரம் ஒரு கேடா என்று ஏசினேன். அவள் சிரித்துக்கொண்டே பெருவிரல் இடுக்கில் இருந்து சுட்டுவிரல் வரைக்கும் நீளத்தையும் அளந்தாள். மோதிரத்துக்கு நீளம் எதற்கு என்று யோசிப்பதற்குள் நான் தூங்கிப்போனேன்.

இப்போது ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் இருந்தது அவளுடைய கையிலேயே முளைத்தது போல உட்கார்ந்தது. கடைக்கார அம்மாவும் தலையாட்டினார்.

பவதாரணி அதை வைத்துவிட்டு மரப்பிடியைத் தூக்கினாள். உள்ளங்கை நிரம்பி வழிந்தது. சுட்டுவிரலின் நுனி விசையைத் தொடவும் இல்லை.

அது உங்களுக்குப் பெரிது என்று கடைக்கார அம்மா மெதுவாகச் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெருவிரல் இடுக்கில் இருந்து விசை வரைக்கும் உள்ள தூரம் கைக்குப் பொருந்தாவிட்டால் குறி தப்பும் என்று கோப்பை கழுவும்போதெல்லாம் இவளுக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நான் சொல்வது எவருடைய காதிலும் ஏறுவதில்லை.

“உமக்கு விரலே எட்டேல்லை. நடுவிலை இருக்கிறதை எடும்.”

அவள் கைப்பையைத் திறந்து, ஒரு நுனியில் முடிச்சுப் போட்ட சிவப்பு நூலை எடுத்தாள்.

முடிச்சை மரப்பிடியின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். நூலைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனாள். அதன் மறு நுனி விசையின் மேல் சரியாக வந்து நின்றது.

கடைக்கார அம்மா நூலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு என்னை.

“இதுதான்,” என்றாள் பவதாரணி, என்னைப் பாராமல். “துவக்கை வைச்சுப் பூட்டுற அலுமாரித் திறப்பு என்னட்டைத்தான் இருக்கும். உங்கடை பாஸ்போர்ட் வருமட்டும் நான் ரெண்டு கையாலை பிடிச்சுச் சுடுறன்.”

ஜாக்கெட் பைக்குள் என் சுட்டுவிரல் தானாக மடங்கியது.