ஏழாவது சில்லு

எங்கள் ஆய்வகத்தில், நகமளவு சிலிக்கான் சில்லுகளின் மேல் பூசிய மெல்லிய காந்தப் படலத்தில் அயனிகளைப் பாய்ச்சினால் காந்தம் செத்துவிடும். உலையில் வைத்துச் சூடேற்றினால் கொஞ்சம் திரும்பும்; முழுதாகத் திரும்பாது. இரண்டு வருடம் அளந்து இதைக் கட்டுரையாக எழுதியவர் எங்கள் ஆய்வு மாணவர்களில் மூத்தவரான அக்கா. அவர் இறந்த மறுவாரமே கட்டுரையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார் பேராசிரியர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து உலையில் ஆறு சில்லு வைத்தால் ஏழு வருகிறது. சில்லின் முதுகில் நாங்கள் வைரமுனைப் பேனாவால் எண் கீறுவோம். ஏழாவதில் இருப்பது அக்காவின் கை: நடுவில் கோடு போட்ட 7. அளந்தால், காந்தம் முழுதாக இருக்கிறது.

"ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினார் பேராசிரியர்.

"நீங்களே வச்சுப் பாருங்க சார். பேர அழிச்ச கைதானே, எண் போடத் தெரியாதா?"

ஒன்று முதல் ஆறு வரை அவரே கீறினார். அவரே உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மாலையில் அவரே திறந்தார். ஆறுதான் இருந்தன.

"பாத்தியா?" என்று சிரித்தபடி ஒன்றைத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். பிறகு சிரிக்கவில்லை. ஆறின் முதுகிலும் நடுவில் கோடு போட்ட 7.

"இப்ப எண்ணுங்க சார்" என்றேன்.