பாவனையாளர் பெயர்

தண்ணீர்த் திட்டத்தின் தரவுத்தளத்துக்கு றஜனி கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே அட்டவணையைச் சில பக்கங்களில் 'வீடு' என்றும் சிலவற்றில் தண்ணீரைப் பயன்படுத்துபவர் என்ற பொருளில் 'பாவனையாளர்' என்றும் குறித்திருந்தார்கள். கையேட்டிலும் தரவுத்தளத்திலும் எல்லா இடத்திலும் 'பாவனையாளர்' என்றே போட முடிவுசெய்தாள்.

"'வீடு' எண்டே விடுங்க தங்கச்சி," என்றார் பக்கத்து மேசை லூர்து. "பாவனையாளர் எண்டா ஆள்ர பேர் கேக்கும்."

"எல்லா வீட்டிலயும் ஆள் இருக்குத்தானே அண்ணன்?"

"நாவலடியில நம்மட வீட்டில இல்ல."

சுனாமிக்குப் பிறகு அங்கே மிஞ்சியது அத்திவாரம் மட்டும். ஆனாலும் அதன் தண்ணீர் மீற்றர் மாதாமாதம் ஓராள் பாவிக்கிற அளவு ஓடியிருந்தது.

றஜனி சொல்லை மாற்றியபின், பெயர் இல்லாமல் அந்த வீட்டின் பதிவு ஏறவில்லை. லூர்து, கடல் கொண்டுபோன தன் மனைவியின் பெயரை அடித்தார்.

அடுத்த மாதம் அந்த மீற்றர் இரண்டு பேருக்கு ஓடியிருந்தது. அதற்குள், சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல்போன லூர்துவின் மேசைக்கு வேறொருவரைப் போட்டிருந்தார்கள்.