நாற்பது தலைகள்

மத்தி மீன் வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தேன். வெனிஸில் எங்கள் சந்து இரண்டாள் அகலம்தான். எதிரே மஞ்சள் கொடியோடு ஒரு பெண் வந்தாள். பின்னால் துரின் நகரத்து முதியோர் சுற்றுலாக் கூட்டம், எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பி. அந்த வெள்ளம் என்னைப் படகில் தள்ளி, பேருந்திலும் ஏற்றிவிட்டது.

"அம்மா, நான் உள்ளூர்க்காரன். வீட்டுல என் பொண்டாட்டி நோர்மா மீனுக்குக் காத்திருப்பா, இறக்கி விடு!"

வழிகாட்டி ஃபெடோரா தலைகளை எண்ணினாள். "நாப்பது. கணக்கு சரியா இருக்கு, தாத்தா. ரெண்டு நாள் தங்கினா எல்லாருமே உள்ளூர்க்காரங்கதான்! தொப்பி எங்க? இந்தாங்க."

புளோரன்ஸில் கெஞ்சினேன். நாற்பது. ரோமில் அழுதேன். நாற்பது. ஆனால் மீன் நாற்றத்துக்குக் கூட்டம் விலகியதால், எந்தத் தேவாலயத்திலும் நான் வரிசையில் நிற்கவில்லை.

நேப்பிள்ஸில் ஒரு கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"நோர்மா, என்னைக் கடத்திட்டுப் போறாங்க!"

"அவசரமே இல்ல அல்வீஸே. நிதானமா சுத்திப் பாத்துட்டு வா."

எட்டாம் நாள் பேருந்து துரினில் இறக்கிவிட்டது. ரயில் பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

என் நாற்காலியில், என் செருப்போடு, மஞ்சள் தொப்பிக் கிழவர் ஒருவர் சோளக்களி தின்றுகொண்டிருந்தார்.

"யாருடி இது?"

"அன்னைக்குக் கூட்டத்தைத் தவறவிட்டுட்டு வந்து கதவைத் தட்டினாரு. போட்டதைக் குறை சொல்லாம சாப்பிடுறாரு."

"அப்ப நான்?"

நோர்மா விரலை நீட்டி எண்ணினாள். "அவரு ஒண்ணு, நான் ரெண்டு. இங்கயும் கணக்கு சரியாத்தான் இருக்கு, அல்வீஸே."