கேட்டுக்கு அந்தப் பக்கம்

பாத்திரக்கடை தங்கப்பழம் சாப்பாட்டு மேசையை வளைத்துப்போட்டுப் பொம்மை ரயில் விடத் தொடங்கியதிலிருந்து, வீட்டில் எல்லோருக்கும் தரையில்தான் சாப்பாடு. “இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அந்த ரயில்வே கேட்டு தானா இறங்கணும். இல்லைன்னா மேசை எனக்கு” என்று மனைவி ஜெயக்கொடி கெடு வைத்துவிட்டாள். ஊரையே பேரத்தில் மடக்குகிறவர் அவளிடம் மட்டும் ஜெயித்ததில்லை.

ஊதுபத்திக் குச்சிக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்துக் கேட்டாக்கி, சீரியல் செட்டில் பிய்த்த கடுகளவு விளக்குகளை அதில் ஒட்டியிருந்தார். ரயிலை விட்டார். விளக்குகள் மாறி மாறிக் கண்சிமிட்டின. கடன் கேட்க வந்தவன் தலைபோலக் கேட்டு பணிவாக இறங்கியது. இந்தப் பக்கம் ஒரு லாரி நின்றது; அதன் அருகே ஸ்கூட்டரில் நகமளவு பொம்மை ஆள் ஒருவன் காத்திருந்தான்.

“எப்படி?” என்று மீசையைத் தடவினார்.

சோற்றுப் பானையோடு வந்து நின்ற ஜெயக்கொடி உதட்டைப் பிதுக்கினாள். “விளக்கெல்லாம் சரிதான். ஆனா கேட்டு போட்டா நம்ம ஊர்ல எவன் நிப்பான்? வண்டியச் சாச்சு, குனிஞ்சு பூந்து போயிருவாம்லா?”

“வாங்க வந்தவங்க சரக்கக் குறைதான் சொல்லுவாங்க.”

ரயில் கடந்தது. கேட்டு ஏறியது. லாரி நின்ற இடத்திலேயே நின்றது. ஸ்கூட்டர்காரன் அந்தப் பக்கம் இருந்தான்.

“நீ நகத்துனியா?”

“ரெண்டு கையிலயும் பானைல்லா இருக்கு!”

இருவரும் குனிந்து அவனையே பார்த்தார்கள். பிறகு ஜெயக்கொடி பானையைத் தரையில் இறக்கி, தட்டுகளையும் அங்கேயே பரப்பினாள்.

“மேசை உங்களுக்கே இருக்கட்டும். இவ்வளவு அவசரமாப் போறானே, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லியே. அவனுக்கு மொதல்ல ஒரு பொம்மைக் கடையப் போடுங்க.”